இரண்டரை மாத சிப்பிப்பாறைக் குட்டி, மூன்றாவது மாடி வீடு: எப்படிப் பழக்குவது?

பீளமேட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார். கணவரின் சித்தப்பா கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறார், அவர் தோட்டத்து நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொடுத்தார். சிப்பிப்பாறை, பெண் குட்டி, மான் நிறம். சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். இப்போது இரண்டரை மாதம் ஆகிறது. முதல் தடுப்பூசி போட்டாகிவிட்டது, குடற்புழு மருந்தும் கொடுத்தோம்.

பிரச்சினை என்னவென்றால், எதைப் பார்த்தாலும் கடி. மாமியார் சேலை நுனியைக் கவ்விக்கொண்டு ஹால் முழுக்க இழுபடுகிறது. மகள் ஓடினால் பின்னாலேயே ஓடிக் கணுக்காலைப் பிடிக்கிறது. போன வாரம் அவள் கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது, டெட்டால் வைத்துத் துடைத்துவிட்டோம். அப்புறம் சோபா அடியில், பூஜை அறை வாசலில் என்று கண்ட இடத்தில் உச்சா போகிறது. இரவு பால்கனியில் படுக்கை போட்டு விட்டால் விடிய விடிய ஊளை. எதிர்வீட்டுக்காரர் அசோசியேஷன் வாட்ஸ்அப்பிலேயே எழுதிவிட்டார்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மாமியார் பாலும் சோறும் போதும் என்கிறார். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை தரையில் இறக்கவே கூடாது என்று ஒருவர், நாலு மாதத்துக்குள் உலகத்தைக் காட்டிவிடாவிட்டால் பயந்தாங்கொள்ளி ஆகிவிடும் என்று இன்னொருவர். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? இந்தக் குட்டியை நல்லபடியாக வளர்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருக்கிறேன். வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

வாழ்த்துகள்! முதலில் ஒன்று, இந்தக் கடியைக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டிக்கு வாய்தான் கை. 28 பால் பற்கள், ஒவ்வொன்றும் ஊசி, நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவை விழுந்து பெரிய பற்கள் 42 முளைத்து முடியும். அதுவரை ஈறு அரித்துக்கொண்டே இருக்கும். எதைக் கடிக்கலாம், எதைக் கடிக்கக் கூடாது என்று மட்டும் நாம் காட்ட வேண்டும்.

பல் தோலில் பட்ட அந்த நொடியே விளையாட்டு நிற்க வேண்டும். கத்த வேண்டாம், கையை வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம், இழுத்தால் அது துரத்தும் விளையாட்டாகிவிடும். பேசாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அரை நிமிடம் போதும். திரும்பி வந்து முறுக்கிய பழைய துண்டையோ கயிற்றையோ கொடுங்கள், அதைக் கடித்தால் கூடவே விளையாடுங்கள். ஈரத் துண்டை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். வீட்டில் எல்லாரும் இதையே செய்தால்தான் பலன். அப்பா கையைக் கடிக்கக் கொடுத்து விளையாடி, பாட்டி அதற்கே திட்டினால் பாவம் அதற்கு என்ன புரியும்?

மகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். சிட்டு துரத்தினால் ஓடக் கூடாது, மரம் மாதிரி நிற்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். அசையாத ஆளிடம் குட்டிக்குச் சுவாரசியம் இருக்காது. பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடித்ததுபோல் ஓடிக் கடிக்கிறதென்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிற ஆட்கள் எல்லாம் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தால் அது எப்போது தூங்கும்?

உச்சா விஷயம் முழுக்க நேரக் கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து பதினைந்து நிமிடத்தில், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன்பு, இவை தவிர விழித்திருக்கும்போது மணிக்கொருதரம் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். இப்போதைக்குப் பால்கனியில் ஒரு தட்டில் புல்லோ செய்தித்தாளோ போதும். அது போய்க்கொண்டிருக்கும்போது மெதுவாக "உச்சா" என்று சொல்லுங்கள், முடித்த உடனே அந்த இடத்திலேயே ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். சமையலறைக்கு ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது, சட்டைப் பையில் தயாராக வைத்திருங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடையுங்கள். அந்த இடத்தில் மூக்கைத் தேய்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அப்புறம் உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் போக ஆரம்பித்துவிடும். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்ச் சிறுநீருக்கென்றே என்சைம் ஸ்ப்ரே விற்கிறார்கள், அதைப் போட்டுத் துடைத்தால்தான் வாசனை போகும், இல்லையென்றால் அதே இடத்தைத் தேடி வரும்.

இரவு ஊளைக்குப் பதில் ரொம்ப எளிது. உள்ளே கூட்டிக்கொள்ளுங்கள். நேற்றுவரை அம்மா வயிற்றை ஒட்டி, கூடப் பிறந்தவர்கள்மேல் தலை வைத்துத் தூங்கிய உயிர் அது. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியோ க்ரேட் என்கிற நாய்க் கூண்டோ வைத்து, உங்கள் பழைய நைட்டி ஒன்றை உள்ளே போடுங்கள். முனகினால் கையை மட்டும் கீழே தொங்க விடுங்கள். நடுச்சாமத்தில் ஒரு தடவை எழுந்து உச்சாவுக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். தனியாகத் தூங்கப் பிறகு படிப்படியாகப் பழக்கிக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை கையில் பல் பட்டு ரத்தம் வந்தது, டெட்டால் போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இன்றே குழந்தையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ரேபிஸ் ஊசியைக் குட்டிக்குப் போடும் வயதே 3 மாதம், ஆகவே இதற்கு இன்னும் போட்டிருக்க வழியில்லை. தோட்டத்தில் பிறந்த குட்டி, அங்கே எந்த நாய் வந்து போனது என்று யாருக்குத் தெரியும்? வாய்ப்பு குறைவுதான், ஆனால் அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கையில் போடும் ஊசி, அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்த நாளிலிருந்து 10 நாள் குட்டியைக் கவனித்து, அது நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்று அங்குள்ள டாக்டர் சொல்வார், அதை நாமே முடிவு செய்யக் கூடாது. இனி யாருக்குப் பல் பட்டுக் கீறினாலும் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. உங்களிடம் சொன்ன இரண்டு பேரும் பாதி பாதி சரி. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வாரத்தில் குறைகிறது. அது ரத்தத்தில் இருக்கும்வரை நாம் போடும் தடுப்பூசியைப் பிடிக்க விடாது. எந்த வாரம் குறையும் என்று தெரியாததால்தான் 3, 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை கொண்டுபோகிறோம். இடையில் உள்ள இந்தக் காலத்தில்தான் பார்வோ என்ற கழிச்சல் நோய் வந்து குட்டிகளைத் தூக்கிப் போகிறது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். செருப்பை வாசலிலேயே விடுங்கள். குட்டி சோர்ந்து, சாப்பிடாமல், வாந்தியும் ரத்தம் கலந்த நாற்றமுள்ள கழிச்சலும் எடுத்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.

ஆனால் மனம் திறந்திருக்கும் காலமும் அதேதான். ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம்வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை வாழ்நாள் முழுவதும் சகஜமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கதவு மூடிய பிறகு புதிதாக வருவதெல்லாம் அதற்கு ஆபத்தாகத் தெரிய ஆரம்பிக்கும். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008லேயே தெளிவாகச் சொன்னது, முதல் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து 7 நாள் கழிந்தால் குட்டியைப் பழக்க ஆரம்பிக்கலாம், எல்லா ஊசியும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று. பயத்தாலும் கடியாலும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிற நாய்களை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன், அவற்றில் பல நல்ல இடத்தில் பிறந்து நாலு சுவருக்குள் அடைபட்டு வளர்ந்தவை.

ஆகவே தரையில் விடாதீர்கள், தோளில் போட்டுக்கொண்டு போங்கள். ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளி விடும் நேரத்தில் பள்ளி வாசல், கோயில் மேளம் தூரத்தில் கேட்கும் இடம், ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, குடை, வீல்சேர், குக்கர் விசில், மிக்ஸி. ஒவ்வொன்றையும் அது பார்க்கும்போது வாயில் ஒரு துண்டு தின்பண்டம். அது உடலை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அன்றைக்குப் போதும், நாலடி தள்ளிப்போய் நில்லுங்கள். தெரிந்தவர் வீட்டில் எல்லா ஊசியும் போட்ட சாதுவான பெரிய நாய் இருந்தால் அங்கே கூட்டிப்போய் விளையாட விடலாம். தெருநாய்கள் படுக்கும் மண், பூங்காப் புல்தரை, முக்கியமாக மருத்துவமனைத் தரை, இந்த மூன்றிலும் இறக்காதீர்கள். நோயுற்ற நாய் எல்லாம் வருமிடம் அதுதானே, மடியிலேயே வைத்திருங்கள்.

உணவு. பாலும் சோறும் போதாது. பல குட்டிகளுக்குப் பசும்பால் கழிச்சலையும் உண்டாக்கும். வெறும் கறியும் சோறும் போட்டாலும் சுண்ணாம்புச்சத்து போதாமல் உடம்பு எலும்பிலிருந்து உறிஞ்ச ஆரம்பிக்கும், கால் வளைந்துபோய் வருகிற குட்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். குட்டிகளுக்கான நல்ல தீனி வாங்குங்கள், அல்லது கோழி, முட்டை, சோறு, காய் என்று வீட்டில் சமைத்து, எவ்வளவு கால்சியம் சேர்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் எடை சொல்லிக் கேளுங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சாம்பார் சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலில் குத்தும். குடற்புழு மருந்து 3 மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை.

மேட்டுப்பாளையத்தான் எழுதியது:

எல்லாரும் கொஞ்சச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் தலைமுறையாக நாய் உண்டு, குட்டியிலேயே செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ரெண்டு தட்டு தட்டிச் சங்கிலியில் கட்டினால்தான் அடங்கும். இல்லையென்றால் நாளைக்குப் பெரிதாகி யாரையாவது கடித்தபிறகு அழ வேண்டியதுதான். சிப்பிப்பாறை வேட்டைநாய், பொம்மை நாய் கிடையாது.

கரிசல்மண் எழுதியது:

மேட்டுப்பாளையம் அண்ணே, கடித்துவிடக் கூடாதே என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு, ஆனால் அடித்தால் நடப்பது தலைகீழ். அடிபட்ட நாய் முதலில் உறுமுவதை நிறுத்தும், உடனே நாம் அடங்கிவிட்டது என்று நினைப்போம். உறுமல் என்பது அது கொடுக்கிற எச்சரிக்கை. அதை அடித்து அமுக்கிவிட்டால் ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் பாயும், அதுவும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. எங்கள் ஊரில் சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் வளர்க்காத தெரு இல்லை. இந்த இனம் ரொம்ப ரோஷமானது அண்ணே, ஒரு ஆளிடம் மனசு விட்டுப்போனால் மறுபடி பக்கத்தில் வர வைக்க மாசக்கணக்கில் ஆகும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய்தான் போகிற வருகிற ஆளை எல்லாம் பார்த்துப் பாயும், ஊரில் கண்ணால் பார்க்கிற விஷயம் இது.

பீளமேட்டு அக்கா, இது கண்ணால் வேட்டையாடும் நாய். மோப்பத்தைவிடப் பார்வை. தூரத்தில் பூனையோ அணிலோ அசைந்தால் காது கேட்காத மாதிரி பறந்துவிடும், அப்போது கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. அதனால் பெரிதான பிறகும் சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் லீஷைக் கழற்றாதீர்கள். கழுத்து தலை அளவுக்கே இருக்கும், சாதாரணப் பட்டை பின்பக்கமாக இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், வளர வளர அளவு மாற்ற வேண்டும். பால்கனிக் கம்பி இடைவெளியை இன்றைக்கே வலையோ பலகையோ போட்டு அடையுங்கள், ஒல்லியான தலை, அது நுழையும் இடம் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

கூப்பிட்டால் வருகிற பழக்கத்தை இப்போதே ஆரம்பியுங்கள். "சிட்டு, வா" என்றால் அதற்கு வாழ்க்கையில் நல்லது மட்டும்தான் நடக்க வேண்டும். ஹாலில் ஒருவர், அறையில் ஒருவர் உட்கார்ந்து மாறி மாறிக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கோழி. குளிப்பாட்டவும் திட்டவும் மருந்து கொடுக்கவும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், நீங்களே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் தரையில் கால் வழுக்கி இடுப்பு கெடும், ஓடுகிற வழியில் ரப்பர் பாயோ பழைய மிதியடியோ போடுங்கள். மூணு மாடியும் இப்போது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். எலும்பு முற்றி முடிய ஒரு வயசுக்கு மேல் ஆகும். அதுவரை பைக்கில் போய்க்கொண்டே கூட ஓட விடுவது, அது எங்கள் ஊரிலும் சில பேர் செய்கிறார்கள், பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். வளர்ந்தபிறகு காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டால் வீட்டுக்குள் இது மாதிரி அமைதியான நாய் கிடையாது, மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். வெயில் ஏறுமுன் காலையிலும், பொழுது சாய்ந்து தார் ரோடு ஆறிய பிறகும் மட்டும் கூட்டிப்போங்கள். புறங்கையை ரோட்டில் வைத்து உங்களால் ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

வளர்ந்தபின் விலா எலும்பு இரண்டு மூன்று தெரியும், அதுதான் அதன் உடம்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் சோறு போடவில்லையா என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது இது வேட்டைநாய் இனம், கொழுப்பு கம்மி என்று மயக்க மருந்து கொடுப்பவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், சில மருந்துகள் இந்த மாதிரி உடம்பைவிட்டு இறங்க நேரமாகும்.

மேட்டுப்பாளையத்தான் எழுதியது:

உறுமல் பற்றிச் சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம்தான் தம்பி. எங்களிடம் இருப்பதெல்லாம் தோட்டத்து நாய்கள், குழந்தை உள்ள வீடு வேறு. டாக்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி, உண்ணிக்கு என்ன செய்வது? எங்கள் பக்கம் வருஷம் முழுக்க உண்ணிதான்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

காது மடலுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கடியில் தினம் கையை ஓட்டிப் பாருங்கள். உண்ணி கொண்டு வரும் காய்ச்சல்தான் பெரிய எதிரி. நாய் மந்தமாக இருந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை, சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கேட்கும். தடுப்பு மாத்திரைகளும் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் எடைக்குத் தகுந்தபடி இருக்கின்றன. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய்க்கு ஊற்றாதீர்கள், விஷமேறி வலிப்போடு வரும் நாய்களைக் காப்பாற்றுவது சிரமம்.

பீளமேட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர் ஐயா, பதிவைப் பார்த்த கையோடு அரசு மருத்துவமனைக்குப் போய் மகளுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது, அடுத்த தேதியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிட்டு இப்போது எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியில் தூங்குகிறது, ஊளை இல்லை, எதிர்வீட்டுக்காரரிடமும் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். தோளில் போட்டுக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனால் மகளின் வகுப்பே சுற்றி நிற்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. நானும் மாமியாரும் கடைக்குப் போகும்போது தனியாக இருக்க எப்படிப் பழக்குவது? தீபாவளி வருகிறதே, வெடிச் சத்தத்துக்கு என்ன செய்வது?

காவிரிக்கரை எழுதியது:

பள்ளி வாசலில் சுற்றி நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் கை நீட்டினால் குட்டிக்குத் திகில்தான். கன்னத்துக்குக் கீழே, மார்பில் தடவச் சொல்லுங்கள்.

தனிமைக்கு நொடிக் கணக்கில் ஆரம்பியுங்கள். செருப்பை மாட்டுங்கள், பையை எடுங்கள், மறுபடி வைத்துவிட்டு உட்காருங்கள். சாவிச் சத்தத்துக்கு அது தலை தூக்காமல் இருக்கும்வரை இப்படியே. பிறகு கதவுக்கு வெளியே போய் ஐந்து நொடியில் உள்ளே வாருங்கள், முப்பது நொடி, ரெண்டு நிமிடம், பத்து நிமிடம். போகும்போது கெட்டித் தயிரோ வேகவைத்த பூசணிக்காயோ தடவிய ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுங்கள், நக்கிக்கொண்டே இருக்கும். அழ ஆரம்பிக்கும் முன்பே திரும்பிவிட வேண்டும், அழுதால் அடுத்த தடவை நேரத்தைக் குறையுங்கள். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறுவதும் வேண்டாம், வந்ததும் கூத்தாடுவதும் வேண்டாம்.

வெடிக்கு இன்றிலிருந்தே வேலை. போனில் பட்டாசுச் சத்தத்தை உங்களுக்கே காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, அதே நேரத்தில் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். அது நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டால் இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் ஏற்றுங்கள், சாப்பிடுவதை நிறுத்தினால் ஏற்றியது அதிகம், பழைய அளவுக்குப் போங்கள். தீபாவளி அன்று வெடி ஆரம்பிக்கும் முன்பே உச்சாவை முடித்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் ஃபேனையும் டிவியையும் ஓட விட்டு, ஒருவர் கூடவே இருங்கள். பயந்து மடியில் ஏறினால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம், அதனால் பயம் அதிகமாகாது. வாசல் கதவு அன்றைக்குத் திறந்தே கிடக்கும், பலகாரம் கொடுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், அந்தச் சந்தில் ஓடிப்போகிற நாய்கள் ஏராளம். பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும். நடுக்கம் நிற்காமல் எச்சில் வடிந்தால் வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுக்கிற வேலை வேண்டாம், பத்து நாள் முன்னதாகவே உங்கள் டாக்டரிடம் பேசி மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகை அன்று கிளினிக் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.